அந்த நாளுக்கான பயிற்சி

அன்பு மகள் ஜோலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? ஹூஸ்டனில் இன்னும் வெயில் அடிக்கிறதாமே. இங்கே வாசற்படி தெரியாத அளவுக்குப் பனி. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அப்பா இப்போது வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து என்னை அதட்டிக்கொண்டிருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

அப்பாவின் 'அந்த நாள்' உனக்குத் தெரியாததா? வங்கிகள் மூடும், கடைகள் காலியாகும், மின்சாரம் போகும், ஊரே மலைக்கு ஓடிவரும். நிலவறையில் வாளி வாளியாக அரிசியும் பீன்ஸும் இருப்பதைப் பார்த்து, கடைசியாக விருந்துக்கு வந்தபோது நீ சிரித்தாய். அவர் விருந்தின் பாதியில் எழுந்து போனார். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. சரி, அதை விடு.

இத்தனை வருடமும் அந்த ஏற்பாடுகளில் என்னைச் சேர்த்ததில்லை. "நீ அடுப்பைப் பாத்துக்க, அது போதும்" என்பார். இந்த வசந்தத்தில் ஸ்போக்கேன் நகரத்துக்குப் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "உப்பைக் குறைக்கணுமாம்" என்றார். மறுநாளே கொட்டகைக்கு அழைத்துப்போய் மரம் அறுக்கும் மெஷினை என் கையில் கொடுத்தார்.

"டார்லீன், இனிமே நீயும் கத்துக்கணும். அந்த நாள் வந்தா நான் பக்கத்துல இல்லாம இருக்கலாம்."

"எங்க போயிடுவீங்க?"

"காவலுக்கு."

நான் அறுத்த முதல் மரம் நேராகக் கோழிக்கூண்டின்மேல் விழுந்தது. அப்பா அடிமரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தார். "உலகம் தானா அழியுறதுக்குள்ள நீயே அழிச்சிடுவ போலிருக்கே!" கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இரண்டு வாரம் முட்டை இல்லை. இலையுதிர் காலத்தில் மானை அறுத்துச் சுத்தம் செய்யவும் கற்றேன். வாந்தி எடுத்தேன், வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் முடித்தேன். கேட்டால் நம்புவாயா?

வயர்லெஸ் ரேடியோவில் பேசவும் பழக்கினார். "வெர்ன் ஸ்டால்கப் பகல் முழுக்க கேட்டுட்டு இருப்பான். வாயாடிதான், கூப்பிட்டா வந்துடுவான்" என்றார். பக்கத்து நிலத்துக்காரரான வெர்னோடு நடந்த வேலித் தகராறுக்குப் பிறகு அந்தப் பெயரையே வாயில் எடுக்காத மனிதர்! என் சந்தேகம் அப்போதுதான் உறுதியானது. மருத்துவரைப் பார்த்துவந்த நாளிலிருந்து விறகைத் தூக்குவதும் நான்தான். அவர் 'பயிற்சி' என்பார். உடம்புக்கு என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புயலில் மின்சாரமும் போனும் போய்விட்டன. மதியம் கொட்டகைக் கூரையில் பனி தள்ளப் போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். விறகுக் குவியலில் சாய்ந்து கிடந்தார், முகம் சாம்பல் நிறமாக. வேட்டையாடிய மானை இழுத்து வரும் சறுக்குப் பலகையில் அவரைக் கட்டி வீட்டுக்குள் இழுத்து வந்தேன். ரேடியோவில் பேட்டரியை மாட்டி வெர்னைக் கூப்பிட்டேன். அப்பா பழக்கியபடியே இடத்தையும் நிலைமையையும் சொன்னேன் ஜோலின். வெர்ன் ரேடியோவிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பனியில் ஓடும் மோட்டார் வண்டியில் வந்தார். பெரிய சாலைவரை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் அங்கே காத்திருந்தது.

இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டதாம். நெஞ்சில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அந்தப் பெண் மருத்துவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அப்பா கேட்டார்: "உனக்கு எப்பவோ தெரியுமா?"

"காவலுக்குப் போறேன்னு சொன்னப்பவே தெரியும்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "பேட்டரியை எந்தப் பக்கம் மாட்டுன?" என்றார். சரியாகத்தான் மாட்டினேன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார்.

உன்னைக் கூப்பிடச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று மட்டும், உன் அறைக்குச் சூடு கொண்டுபோகும் அடுப்புக் குழாயில் அடைப்பு இருக்கிறதா பார்க்கச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்குக் குளிர் தாங்காது என்றார்.

பனி உருகட்டும் என்று இருந்துவிடாதே, கண்ணே. சாலைவரை வந்துவிடுங்கள், அங்கிருந்து நான் கூட்டிவருகிறேன். கர்த்தர் உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா