கேட்டாச்சு என்று சொன்ன கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

பட்டறைச் சரக்குப் பதிவேட்டை முடித்தேன். பித்தளைத் தகடு பதினெட்டு, ஸ்டீல் ஆறு. பெயர்ப்பலகைகளை வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். உலோகம் வெட்டும் புது ஃபைபர் லேசரோடு வந்த பச்சைக் கண்ணாடியைப் போட்டால் எழுத்து வெட்டுவது தெரியவில்லையாம். "குளத்துக்குள்ள உக்காந்து வேல பாக்குற மாதிரி இருக்கு" என்கிறார் என் வீட்டுக்காரர். மரம் வெட்டிய பழைய லேசரின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பளிச்சென்று துடைத்துக் கொடுத்தேன்.

"மெஷின்காரர்கிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சு, போடலாமாம்."

நான் கூப்பிட்டபோது மெஷினை விற்றவர் போனை எடுக்கவில்லை. இதுவும் லேசர் கண்ணாடிதானே?

மார்ச் 6

பித்தளையில் பட்ட ஒளி திரும்பி அவருடைய வலது கண்ணில் அடித்துவிட்டது. எழுத்தின் ஆழம் பார்க்க மெஷின் கதவைத் திறந்து வைத்திருந்தாராம். வலியே இல்லை. இடது கண்ணை மூடினால் நடுவில் மட்டும் இருட்டு.

"உன் காது தெரியுது, வாய் தெரியல. அதுவும் நல்லதுதான்."

சிரித்தேன். ஆண்டவனே, நான் சிரித்தேன்.

மார்ச் 7

அந்தக் கண்ணாடி இந்த ஒளியைத் தடுக்காது என்றார் கண் டாக்டர். போன பார்வை திரும்பாது.

வழியெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். "போடலாம்னு சொன்னான்ல? அவன சும்மா விடமாட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 9

கொழுந்தனார் போய், வாடிக்கையாளர்கள் முன்னால் மெஷின்காரரைக் கண்டபடி பேசியிருக்கிறார். "அண்ணி தன்கிட்ட பேசவே இல்லன்னு சாதிக்கிறான்" என்று வந்து சொன்னார்.

"பொய் சொல்றான்" என்றார் இவர்.

மார்ச் 10

ஜெபத்தில் வாய் அசைகிறது, மனம் வரவில்லை. எத்தனை நாள்தான்… அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அவரு போன் எடுக்கல. நான் கேக்கவே இல்லங்க."

எழுந்து போய்க் கை கழுவினார். திட்டியிருக்கலாம்.

"சாப்பாடு எடுத்து வை" என்றார்.

மார்ச் 11

மெஷின்காரரைத் தானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். "வீட்ல ஒரு தப்பு நடந்துபோச்சு." யார் செய்தது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 2

இன்று மறுபடி மெஷினில் நின்றார். ஸ்டீல் வெட்டும் வேலை. கதவைச் சாத்தி, பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெட்டும்போது விடும் கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"கேஸ் எவ்வளவு காட்டுது?"

"பதினாலு" என்றேன்.

உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டார்.

"நீ பாத்துச் சொல்லும்மா."

"பதினாலுப்பா."

அதற்குப் பிறகுதான் பட்டனை அழுத்தினார்.