உங்கள் வீட்டின் புதுக் காவலர்

அக்கா,

நேற்று ஷிஃப்ட் முடிந்து நம் தேர்ப்பேட்டைத் தெருவுக்குள் நுழைந்ததுமே புதுச் சுண்ணாம்பு வாசனை. உங்கள் வீட்டுச் சுவரிலிருந்துதான். மரத்தூண்களுக்கு எண்ணெய் பூசி, வாசலில் ‘பாரம்பரிய இல்லம்’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார் உங்கள் தம்பி. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு வாடகைக்கு விடப்போகிறாராம். திறப்பு விழாவுக்குத் தெருவையே அழைத்திருந்தார், பெங்களூர்க்காரர்கள் சிலரையும். என்னதான் பேசுவார் என்று பார்க்க நானும் போனேன்.

"எங்க முன்னோர் கட்டின வூடுங்க. இதைக் காப்பாத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல" என்றார் மைக்கில். கண்ணைத் துடைக்க, சரியான நேரம் பார்த்துக் கைக்குட்டை வெளியே வந்தது.

இதே வீட்டை எலிப்பொந்து என்றவர்தானே இவர்? இடித்துவிட்டுக் கம்பெனிப் பையன்களுக்கு வரிசையாக ரூம் கட்டலாம் என்று, உங்களைக் கேட்காமலே ஒரு காலையில் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தினாரே! அப்போது நான் உங்கள் பின்கட்டில் குடியிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கிறீர்கள். மலைக்கோயில் தேர், தெருவின் பழம்பெருமை என்று ஓயாமல் பேசும் பெரிய மனிதர்கள் ஜன்னலில் பாதி முகம் காட்டினார்கள். ஒருவரும் படி இறங்கவில்லை.

"எந்திரிக்கா, மானம் போவுது" என்றார் தம்பி.

"உன்கிட்ட இருந்தாத்தானேடா போவறதுக்கு?" என்றீர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பாதி வூடு என் பேர்ல இருக்குது. இடிக்கறதுன்னா என்னையும் சேர்த்து இடி."

பொக்லைன்காரர்தான் வெட்கப்பட்டு வண்டியைத் திருப்பினார்.

அதன்பிறகு தம்பி உங்கள் வாசற்படி ஏறவில்லை. உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு என் தோளைப் பிடித்து ஆட்டோ ஏறிய மாதங்களில் ஒரு போன்கூட இல்லை. நீங்கள் போன அன்று மட்டும் வெள்ளைச்சட்டையில் வந்து கதறினார். வாரிசு என்று உங்கள் பாதியும் அவருக்கே போனது. பழைய வீட்டுக்குத்தான் பெங்களூர்க்காரர்கள் வாடகையை அள்ளிக் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்ன பிறகே அவருக்கு முன்னோர்கள் ஞாபகம் வந்தது.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "இதை இடிக்கப் பொக்லைன் கொண்டாந்தது யாருங்க?" என்று எழுந்து கேட்டேன்.

சிரித்தார். "இவங்க விருதுநகர்ப் பக்கம். நம்ம தெருவப் பத்தி என்னா தெரியும்?"

தமிழ் புரியாத பெங்களூர் விருந்தினர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, நடந்ததை எல்லாம் கன்னடத்தில் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒரு பெண் அவரைப் பார்த்து, "நிஜானா?" என்றாள். அவர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை உண்மையாகவே வேர்த்திருந்தது. அன்று ஜன்னலில் நின்ற பெரிய மனிதர்கள் தட்டிலிருந்த மைசூர்பாகை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழா ஒன்றும் நின்றுவிடவில்லை, அக்கா. டிபன் பரிமாறினார்கள். நான் தொடாமல் வந்துவிட்டேன்.

கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற வருடங்களில், "தமிழு, தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷையிலயும் திட்டத் தெரியலன்னா ஓசூருல ஏமாத்திடுவானுங்கடி" என்பீர்கள். உங்களோடு பேசிப் பேசியே எனக்குக் கன்னடம் வந்தது. நேற்று அது என் வாயிலிருந்து வந்தபோது, அந்த இழுப்பும் ஏளனமும் அப்படியே உங்களுடையவை. இப்போது இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறேன். அடுத்த முறை அவர் மைக்கைப் பிடிக்கும்போது முன்வரிசையிலேயே உட்காருவேன்.