பத்தாவது போத்தல்

பேராதனை
06.05.2025

அன்புள்ள அப்பா,

போனில் கேட்டால் காற்று இரைகிறது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு வந்தபோது ஆய்வுக்கென்று உங்களிடம் சிறுநீர் வாங்கி வந்தேனே, பத்துச் சுகதேகிகளில் உங்களுடைய போத்தல் மட்டும் குழப்புகிறது. நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் டோபமினை என் மின்வாய்க் கம்பி அளக்கும். மேலே நான் பூசும் பொலிமர்ப் படலம், டோபமின்போலவே காட்டிக் குழப்பும் விற்றமின் சியைக் கிட்ட விடாது. மற்ற ஒன்பது பேருக்கும் ஒழுங்காகக் காட்டியது, உங்களுக்குப் பல மடங்கு காட்டுகிறது. ஏதும் மருந்து எடுத்தீர்களா?

மகள் லவீனா

மயிலிட்டி
12.05.2025

அன்பு மகளுக்கு, மாதா காவல்.

நான் நல்ல சுகம். மருந்தோ? பனடோல்கூடத் தொடுறேல்லை. இப்பவும் தனியத்தான் கடலுக்குப் போறன். உன்ரை கம்பிதான் பிழை போலக் கிடக்கு. அப்பன்ரை மூத்திரத்தை வைச்சுப் பட்டம் எடுக்கிற பிள்ளை ஊரிலை நீ ஒருத்திதான்! நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா சிமியோன்

பேராதனை
30.05.2025

அப்பா,

உங்கள் சொல்லை நம்பிப் படலத்தை உரித்துப் பதினொரு தடவை புதிதாகப் பூசினேன். அதே அளவுதான். சுகமான மனிதரிலேயே பிழையாகக் காட்டினால் கருவிதான் பிழை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட வேலை அப்பா! ஆய்வை விடுவதாகக் கடிதம் எழுதிவிட்டேன். பதினாறாம் திகதி கொடுப்பேன்.

லவீனா

மயிலிட்டி
04.06.2025

குஞ்சு,

அந்தக் கடிதத்தைக் குடுக்காதை. கம்பி பிழையில்லை, நான்தான் பொய் சொன்னனான். போன மாரியிலை இருந்து வலக்கை ஆடுது. பாக்கின்சன் எண்ட நரம்பு வருத்தமாம், கிளினிக்கிலை சொன்னவை. உடம்புக்குள்ளை போய் டோபமினா மாறுற குளிசை தந்தவை. நீ நிண்ட நாலு நாளும் என்ரை கை ஆடுறதைக் காணக் கூடாதெண்டு நேரம் தவறாமல் போட்டனான். சொன்னால் படிப்பை விட்டிட்டு ஓடி வருவாய். கடற்றொழிலாளர் சங்கத்திலை அறிஞ்சால் என்னைக் கடலுக்கு விடமாட்டினம். ஒளிச்சு ஒளிச்சுக் கடைசியிலை உன்ரை தலையிலையே மண் அள்ளிப் போட்டன். மன்னிச்சுக்கொள்.

அப்பா

பேராதனை
09.06.2025

அன்புள்ள அப்பா,

விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சுகதேகிகளின் பட்டியலில் இருந்து உங்களை என் கையாலேயே வெட்டினேன். வெட்டிவிட்டு அழுத அழுகையில் ஆய்வுகூடமே திரும்பிப் பார்த்தது. கருவி சரி என்று பேராசிரியர் தட்டிக்கொடுத்தார். எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஒரு மாதமாக அது உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் உங்களை நம்பி அதைத் திட்டினேன்.

படிப்பை விடமாட்டேன், சத்தியம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இரண்டு நாள் நிற்பேன். ஆனால் சங்கத் தலைவர் அடைக்கலநாதன் மாமாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் வருமுன் அது போயிருக்கும். இனி உங்களைத் தனியக் கடலில் இறங்க விடமாட்டார்கள்.

என்னோடு கோபித்தால் கோபியுங்கள் அப்பா. கரையில் இருந்து கோபியுங்கள்.

லவீனா