அக்காவின் குரல் நின்றுபோன வாரம்

மார்ச் 10, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பிரஸ்ஸுக்கு லீவு. அக்காவின் லேப்டாப்பை வேகமாக்கும் வேலை.

பட்டாசு ஆலையில் ஷெட் வெடித்ததில் அக்காவுக்கு விரல்கள் போயின. புகையைச் சுவாசித்ததில் குரலும் போனது. இந்த லேப்டாப்தான் வாய். மூக்கை அசைப்பாள், கேமரா அதைப் பின்தொடரும், திரையில் எழுத்து விழும், எழுதியதை ஸ்பீக்கர் சொல்லும். பழைய பெட்டி. ஒரு சொல் விழுவதற்குள் அவளுக்குக் கழுத்து வலி வந்துவிடுகிறது. அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வருகிறார். அன்று நடந்ததை எங்களிடம் அவள் சொன்னதே இல்லை. "அவுக வரட்டும், சொல்லுதேன்" என்று மட்டும்.

அதனால் பெட்டியை இயக்கும் மைய மென்பொருளான கெர்னலை மெலிதாக்க நினைத்தேன். கருவிகளை ஓட்டும் டிரைவர் நிரல்களில் தேவையில்லாததை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, அதாவது கம்பைல். இடம் பத்தவில்லை என்று பழைய கெர்னலை அழித்தேன். அழித்திருக்கக் கூடாது.

சாயங்காலம் ஓடவிட்டேன். சட்டென்று திறந்தது. கேமரா இல்லை. சத்தம் இல்லை. வைஃபையும் இல்லை.

அக்கா திரைக்கு முன்னால் மூக்கை அசைத்துக்கொண்டே இருந்தாள். திரையில் அம்புக்குறி நகரவில்லை.

அம்மா: "என்னட்டி, அவ பேசுறதையும் நிப்பாட்டிட்டியா?"

மார்ச் 11, புதன்

பிரஸ்ஸில் நோட்டு அட்டை ஆர்டர். மனம் ஒட்டவில்லை. மஞ்சள் நிறத்துக்கான அச்சுப் பிளேட்டைத் தப்பாக அனுப்பி ஏச்சு வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடல். யாரோ ஒருவர் எழுதியிருந்தது: முதலில் கருவி செத்ததா, டிரைவர் இல்லையா என்று பார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். யுஎஸ்பி கருவிகளின் பட்டியலில் கேமராவின் பெயர் வருகிறது. சாகவில்லை. அதை வேலை வாங்கத்தான் கெர்னலில் ஆள் இல்லை. மெலிதாக்குகிறேன் என்று வீடியோ பகுதி முழுவதையும் நான்தான் எடுத்திருக்கிறேன். திரும்பச் சேர்த்து கம்பைல் போட்டேன். பாதியில் கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்தது. எல்லாம் முதலிலிருந்து.

அக்கா சாப்பிடவில்லை. உப்பு கூடவா, பசியில்லையா, கோபமா? எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்தாள்.

மார்ச் 12, வியாழன்

அதிகாரி இன்றைக்கே வந்து போய்விட்டார். நான் பிரஸ்ஸில். அவர் கூடவே ஆலை போர்மேனும் வந்தானாம்.

அம்மா சொன்னது: "அந்தய்யா கட்டிலு பக்கத்துல உக்காந்து, 'பேச்சி இரும்புக் கம்பியால வெடிமருந்தைக் குத்துனாளா? ஆமான்னா தலையாட்டும்மா'ன்னாக. இவ ஆட்டுனா. பெறகு வாயைத் தெறந்து தெறந்து மூடுதா, காத்துதான் வருது. அந்தப் போர்மேன், 'பாவம், அதுக்கு முடியலை சார், அதான் ஆமாங்குதே'ன்னான். எளுதிக்கிட்டுப் போயிட்டாக."

"நீ நிப்பாட்டக் கூடாதா?"

"எனக்கு என்னட்டி தெரியும்? அவ என்ன சொல்ல வாரான்னு எனக்கு என்ன தெரியும்?"

பேச்சி அக்காவின் சிநேகிதி. ஒரே ஷெட், எதிரெதிர் இடம். வெடித்த அன்றைக்கே செத்துப்போனாள்.

அக்கா தலையணையில் தலையை மோதிக்கொண்டே இருந்தாள். பிடித்துக்கொண்டேன். கழுத்தில் ஆறாத தீப்புண்ணில் ரத்தம். துடைத்தேன், மருந்து போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவளால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தே கேட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

குழாயடியில் ஒருத்தி: "அந்தப் பேச்சி செஞ்ச வேலையாலதான நாலு குடும்பம் சீரளிஞ்சு கெடக்கு." அதற்குள் விசாரணைச் சேதி ஊருக்குள் பரவிவிட்டது.

பிரஸ்ஸுக்குப் போகவில்லை. மத்தியானம் கம்பைல் முடிந்தது. கேமரா விளக்கு பச்சையாக எரிந்தது. அம்பு நகர்ந்தது. ஸ்பீக்கர் இன்னும் ஊமை.

அக்கா எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து படித்தேன்.

"நான் ஆமான்னது கம்பிக்கு. கம்பியக் குடுத்தது யாருன்னு அவுக கேக்கலை."

"யாருக்கா?"

"போர்மேன்."

உடனே பேச்சி வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். கண்ணை மூடி மூடித் திறந்தாள். வேண்டாம் என்று அர்த்தம். எழுதினாள்: "நான் சொல்லணும். பேச்சி வீட்டு அண்ணனுக்கு எளுத்துத் தெரியாது. சத்தம் வேணும்."

மார்ச் 14, சனி

காலையில் விசாரணை அலுவலகத்துக்குப் போன். "வாக்குமூலம் வாங்கியாச்சும்மா. அறிக்கை மேல போயிருச்சு. ஆட்சேபணைன்னா மனுவாக் குடுங்க." கொடுப்போம். யார் படிப்பார்களோ.

ஒலி டிரைவர் கெர்னலில் இருக்கிறது. ஆனாலும் ஊமை. பிழைச் செய்திகளை வரிவரியாகப் பார்த்தேன். பொதுவான டிரைவரை வைத்திருக்கிறேன், இந்தப் பெட்டியில் உள்ள சிப்புக்கு உரிய துணைப் பகுதியை விட்டிருக்கிறேன். தேர்வுப் பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் டிக் அடிக்காமல் விட்டது. மறுபடி கம்பைல். கரண்ட் போகக் கூடாது என்று அம்மா மாரியாத்தாவுக்கு நேர்ந்துகொண்டாள். சிரிப்பு வரவில்லை. நானும் நேர்ந்துகொண்டேன்.

பொழுது சாய, ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. பிறகு: "அம்மா. தண்ணி."

அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

வைஃபை இன்னும் வரவில்லை. கிடக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவை ஆட்டோவில் ஏற்றி, மடியில் லேப்டாப்போடு பேச்சி வீட்டுக்கு. விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர அவள் வெளியே வந்தது இன்றுதான். தெருவில் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

பேச்சியின் வீட்டுக்காரர் கருப்பசாமி பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். இளைத்துவிட்டார். "வாங்க" என்றார், அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவளும் ஆமான்னு தலையாட்டிட்டாளாமே. பெறகு எதுக்கு வந்திருக்கீக?"

 பிளக் பாயிண்ட் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

அக்கா எழுத ரொம்ப நேரம் ஆனது. அவர் பொறுத்திருந்தார். அவள் மூக்கு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி பேசியது. உயிரில்லாத குரல், ஏற்ற இறக்கம் இல்லை.

"அண்ணே. மருந்து இறுகிப்போச்சு. பேச்சி மரக்கட்டை கேட்டா. போர்மேன் கம்பியக் குடுத்தான். தீப்பொறி பறக்கும், மாட்டேன்னா. லோடு நிக்குது, குத்துன்னு வைஞ்சான். அதுக்குப் பெறகுதான் குத்துனா. அவ மேல தப்பு இல்ல."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். 

"மாட்டேன்னு சொன்னாளா?"

அக்கா தலையாட்டினாள்.

எழுந்து போய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் தெருவைப் பார்க்க விரியத் திறந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாயி, இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. சத்தத்தைக் கூட்ட முடியுமா?"

கூட்டினேன்.