இரண்டாம் பாட்டின் நடுவில்

12.10.1991, சனி

கம்பெனியில் மெஷின் மாட்ட வந்திருக்கும் கனடாக்காரர், தன் ஊர் ராக் குழுவின் புது கேசட்டைக் போன வாரம் கேட்கக் கொடுத்திருந்தார். இருபது வருடமாக வாசிக்கிறார்களாம். இன்று சாயங்காலம்தான் போட்டேன். கிட்டார் தூறல் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் டக்கென்று ஒரு சத்தம். பிறகு செல்வி பாடுகிறாள், பின்னால் குக்கர் விசிலோடு. கல்யாணமாகி மூன்று வருடத்தில் என் மனைவி பாடி நான் கேட்டதே இல்லை.

கோபமாகத்தான் கூப்பிட்டேன்.

"மேல இங்கிலீஷ்தான் இருந்துச்சு, படிக்கத் தெரியல, காலி கேசட்டுன்னு நெனச்சிட்டேங்க. ரெக்கார்டு பட்டன் அமுங்கல, கேசட்டு மேல இருந்த ஓட்டையில பேப்பர அடைச்சி ரெக்கார்டு பண்ணேன்" என்றாள்.

"யாருக்குப் பாடின?"

"நீங்க ஷிஃப்ட்டு போயிட்டா வூட்ல யாரு கீறாங்க? அத்தப் போட்டுக் கேட்டுகினு இருப்பேன்."

திங்கட்கிழமை கேசட்டைத் திருப்பித் தர வேண்டும். தொலைத்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன்.