காலிதாவுக்குச் சாதி இல்லை

சாயல்குடி
9.6.1996

தம்பி பூமிநாதனுக்கு,

என் புருஷன் காலை முறித்தது சோணைமுத்து. கேஸை முறித்தது நீ.

வன்கொடுமைச் சட்டத்தில் போட்ட கேஸ் இப்போது வெறும் அடிதடி கேஸ் ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு வக்கீல் ஒரு தாளைக் காட்டினார். 'கூத்தையாவும் மனைவி கருத்தம்மாளும் 1981இல் இஸ்லாத்துக்கு மாறி, காதர் மைதீன், காலிதா என்று கெஜட்டில் பெயர் மாற்றிக்கொண்டவர்கள். எனவே பட்டியல் சாதியினர் அல்லர்.' அடியில் தாசில்தார் கையெழுத்து. மற்றதெல்லாம் உன் எழுத்து. தாலுகா ஆபீஸில் ஆயிரம் பேர் எழுதட்டும், உன் எழுத்து எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு நீ உன் கல்யாணப் பத்திரிகை வைக்க ஊருக்கு வந்திருந்தாய். உன் மச்சான் வடக்கு ஊருணியில் குடத்தை முக்கியபோது கரையில்தான் நின்றாய். சோணைமுத்து என்ன சொல்லிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினான் என்பதைக் கேட்டாய். "தொப்பி போட்டா நீ ——— இல்லேன்னு ஆயிருமாலே?" நடுவில் உள்ள வார்த்தையை நான் எழுதமாட்டேன். நம் தெருவில் பிறந்தவன், உனக்குத் தெரியும்.

அவன் ஜாமீனில் வந்து அதே கரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறான். உன் மச்சான் கட்டிலில் படுத்தபடி தொழுகிறார்.

காலிதா


ராமநாதபுரம்
17.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானுக்கு வீக்கம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் அவளும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

குறிப்பு எழுதியது நான்தான். தாசில்தார் கேட்டார், எழுதினேன். நான் எழுதாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் எழுதியிருப்பார்.

சட்டம் தெரியாமல் கோபப்படாதே. யாரும் எந்த மதத்திலும் இருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் இருபத்தைந்தாவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையில்தான் நீங்கள் போனீர்கள். ஆனால் பட்டியல் சாதி யார் என்பதற்கு 1950இல் குடியரசுத் தலைவர் போட்ட உத்தரவு இருக்கிறது. இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேறு மதத்தார் அதில் வரமாட்டார்கள். வன்கொடுமைச் சட்டம் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். அதை நானா எழுதினேன்?

ஒரு வழி இருக்கிறது. பெயரைத்தான் மாற்றினோம், இன்றும் கும்பிடுவது நம் காளியைத்தான் என்று இருவரும் பிரமாணப் பத்திரம் கொடுங்கள். நானே எழுதித் தருகிறேன்.

சாட்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. நீங்கள் மாறிய அன்று பள்ளிவாசலில் உங்களுக்குப் பின்னால் நின்று நானும் கலிமா சொன்னேன். சலாஹுதீன் என்று பெயரும் வைத்தார்கள். கெஜட்டில் போடாமல் விட்டதால்தான் சாதிச் சான்றிதழ் பிழைத்தது, இந்த வேலையும் கிடைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் தெருவில் நிற்பேன்.

உன் தம்பி
பூமிநாதன்


சாயல்குடி
2.7.1996

பூமிநாதனுக்கு,

உன் யோசனையை அவரிடம் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீக்கடையில் சிரட்டையில் வாங்கிக் குடித்த மனிதர் அவர். கலிமா சொன்ன அன்று பாக்கர் ராவுத்தர் வீட்டில் சஹன் வைத்தார்கள். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர். ராவுத்தர் பிசைந்த சோற்றுக்குப் பக்கத்தில் கை வைக்கப் பயந்து இவர் சும்மா இருந்தார். "என்னப்பா, கறி புடிக்கலையா?" என்று அவரே இறைச்சியைப் பிய்த்து இவர் பக்கம் தள்ளினார். அந்தச் சோற்றைப் பொய் என்று எழுதித் தரச் சொல்கிறாய். மாட்டோம்.

மதம் மாறினாலும் சாதி போகாது என்று சோணைமுத்துவுக்குத் தெரிந்திருக்கிறது. உன் தாசில்தாருக்குத் தெரியவில்லை.

விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன். காதில் விழுந்ததை மட்டும் வந்து சொல்.

காலிதா


சாயல்குடி
8.3.1998

பூமிநாதனுக்கு,

தேதி குறித்துப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. நீ வரவும் இல்லை.

கூண்டில் என்னைக் கேட்டார்கள்.

"இஸ்லாத்துல சாதி உண்டாம்மா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப இல்லாத சாதியச் சொல்லி எப்படித் திட்டுவாக?"

சிரித்தார்கள். சோணைமுத்துவும் சிரித்தான். சொந்தக்காரர் தவிர வெளிச் சாட்சி யாரும் இல்லை என்று அவனை விடுதலை செய்துவிட்டார்கள். சொந்தத்திலும் ஒருவன் வரவில்லை என்பதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

முந்தாநாள் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சோணைமுத்து சைக்கிளை மறித்திருக்கிறான். அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, "போயி கேஸ் குடுடி. கோர்ட்டே சொல்லிருச்சு, ஒங்கள என்ன சொன்னாலும் செல்லாதுன்னு" என்றானாம்.

அவள் வந்து கேட்டாள், "நாம அதுதானாம்மா, இல்லையா?" பாக்கர் ராவுத்தரிடம் கேட்டால் இல்லை என்பார். ஊருணிக்குப் போனால் ஆமாம் என்கிறார்கள்.

நீ சாசனம் படித்தவன், அரசாங்கத்தில் உட்கார்ந்திருப்பவன். அவள் அது இல்லை என்றால், அவனை அப்படிக் கூப்பிட விடாமல் தடுக்கும் சட்டம் எது? அதுதான் என்றால், அவளுக்கு ஏன் பாதுகாப்பு இல்லை?

அவளுக்கு நீ தாய்மாமன். அவள் பெயருக்கே பதில் எழுது.

காலிதா