செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து

ஜனவரி 12

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் "சாப்டீங்களா", "ஆச்சு", "மாத்திரை?", "போட்டாச்சு" என்று நாலே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். சிரிக்காதே. பாப்பாவின் பிரசவத்துக்கென்று நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் எழுதுகிறவர்கள் கூடுகிறார்கள். நானும் போகிறேன். குழந்தைகள் பிரிவு என்பதால் குட்டி நாற்காலிதான். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. தையற்கார அம்மா ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ், பஸ் டிரைவர், பல் டாக்டர், நான். ஒருவர் வாசித்து முடித்ததும் கைதட்டக் கூடாது. எந்த வரியை வீட்டுக்கு எடுத்துப்போகிறோம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் மின்சார ஆபீசில் குப்பை கொட்டினேன். நான் சொன்ன ஒரு வார்த்தையை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. இங்கே டிரைவர், "வந்துட்டீங்களா சார்!" என்று நாற்காலியை இழுத்துப் போடும்போது கண் கலங்கிவிடுகிறது.

போன வாரம், என் அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருஷத்தைப் பற்றி வாசித்தேன். நர்ஸம்மா தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். இதோடு நகல் வைத்திருக்கிறேன், படித்துப் பார். மார்ச் முதல் தேதி நீ வந்ததும் உன்னையும் அங்கே கூட்டிப்போகிறேன்.

உன் வீட்டுக்காரன்

ஜனவரி 29

பாப்பாவின் அப்பாவுக்கு,

பேத்தி இப்போதுதான் கண்ணை மூடினாள். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.

உங்கள் கதையை மூன்று தடவை படித்தேன். "நான் அம்மாவைக் குளிப்பாட்டினேன். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்த்தேன். முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டேன்." ஏங்க, இதெல்லாம் எப்போ நடந்தது? அப்போது நான் எங்கே போயிருந்தேன்? ஒன்பது பக்கத்திலும் தேடினேன். எனக்கு ஒரு மூலைகூட இல்லை. நாலு வருஷமும் நீங்கள் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அத்தை முனகினால், "அங்க என்னன்னு பாரு" என்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் பங்கு.

கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆம்பளைக்கு இதெல்லாம் கண்ணில் படாது, தெரிந்தால் செய்ய மாட்டாரா என்று அப்போதே மனதைத் தேற்றிக்கொண்டேன். அதனால்தான் இன்றுவரை உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிறேன். ஆனால் நான் பட்ட பாட்டைத் தூக்கி உங்கள் பேரில் போட்டுக்கொண்டு, நாலு பேரை அழவும் வைத்தீர்களே, அதுதான் வயிறெரிகிறது.

அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் முதல் தேதி வருகிறேன்.

பாப்பாவின் அம்மா

பிப்ரவரி 10

என் வீட்டுக்காரிக்கு,

சொல்லிவிட்டேன். கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். "அப்போ அந்த முழங்கை யாரோடதுங்க?" என்று தையற்கார அம்மா கேட்டார். "என் வீட்டுக்காரியோடது" என்றேன். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். டிரைவர்தான், "உக்காருங்க சார். மொதல்லேருந்து திருப்பி எழுதுங்க" என்றார். ரொம்ப நல்ல மனுஷங்க.

எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நீதான். கண்ணில் படாது என்று எழுதியிருந்தாய், அப்படியெல்லாம் இல்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படுக்கை விரிப்பை நீ ஒற்றை ஆளாக உருவி மாற்றியது, கை வலியில் உதட்டைக் கடித்தது எல்லாம் தெரியும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நீ அழுததுகூடத் தெரியும். கூட்டத்தில் வாசித்தபோது நாலு பேரில் மூன்று பேர் அந்த வரியைத்தான் எடுத்துப்போனார்கள். இப்போது உனக்குச் சந்தோஷம்தானே? முதல் தேதிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்னையே எழுதிக்கொண்டிருப்பவன்

பிப்ரவரி 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

புதுக் கதை வந்தது. நன்றாகவே எழுதுகிறீர்கள். எதுவும் விட்டுப்போகவில்லை. நானே மறந்துபோனதெல்லாம் அதில் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் உங்களோடு வாழ்ந்தேன். தெரியாதவரிடம் என்ன கோபித்துக்கொள்வது? இப்போது, எல்லாம் தெரியும் என்று நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். குழாய்ச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. கூடத்திலிருந்து குளியலறைக்குப் பத்து அடிகூட இருக்காது. கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறீர்கள்.

உண்மையைச் சொன்னால் வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டீர்கள், எனக்குத்தான் முடியவில்லை. டிக்கெட்டை மருமகன் ரத்து செய்துவிட்டார். கோபமில்லை, அலுத்துவிட்டது. பாப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

ரத்த அழுத்த மாத்திரையை நாள் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள். வீட்டில் பேச ஆள் இருக்காது.

பாப்பாவின் அம்மா